ஒரே பழுப்பு, இரண்டு உணர்வுகள்: இரு ஓவியங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

உயர்நிலை மூன்றில் கலைப் பாடம் படிக்கும் என் அக்காள் மகள் ஒரு நாள் தன் குறிப்பேட்டைக் கொண்டுவந்து காட்டினாள். துணைப்பாட வகுப்பில் எழுதிக்கொடுத்த வரிகள் அதில் இருந்தன. சிவப்பு என்றால் கோபம், நீலம் என்றால் சோகம், மஞ்சள் என்றால் மகிழ்ச்சி, கறுப்பு என்றால் மரணம். "இதை மனப்பாடம் செய்தால் எந்த ஓவியம் வந்தாலும் எழுதிவிடலாம், சித்தி" என்றாள். எனக்கு மனம் பொறுக்கவில்லை. அந்த வாரச் சனிக்கிழமையே அவளைச் சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடத்திற்கு அழைத்துச் சென்றேன். அன்று நாங்கள் இருவரும் செய்து பார்த்ததையும், பிறகு நண்பர்கள் பலரை அழைத்துச் சென்றபோது நான் திருத்திக்கொண்டதையும் சேர்த்து, ஓவியம் பார்த்துப் பழக்கமில்லாதவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

ஒரே ஓர் ஓவியத்தின் முன் நிற்கும்போது "அழகாக இருக்கிறது" என்பதற்கு மேல் சொல் எழாமல் போவது இயல்பே. இரண்டை ஒப்பிடத் தொடங்கினால் சொற்கள் தாமாக வரும். சிராங்கூன் சாலைத் துணிக்கடையில் ஒரு சேலையை மட்டும் விரித்துக் காட்டினால் நாம் பேசாமல் இருப்போம். பக்கத்தில் இன்னொன்றை விரித்துப் போட்டவுடன், இதன் அரக்கு சற்று மங்கல், அதன் கரை பளிச்சென்று இருக்கிறது, இதை வாசல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று பேசத் தொடங்கிவிடுவோம். நிறத்தைப் பார்க்கத் தேவையான கண் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை ஓவியத்தின் பக்கம் திருப்ப வேண்டியதுதான் பாக்கி.

எந்த இரண்டு ஓவியங்கள்?

கலைக்கூடத்தின் தொகுப்பில் உள்ள இரண்டை நான் தேர்ந்தெடுத்தேன். முதலாவது, ஜாவாவைச் சேர்ந்த ராடன் சாலே 1849ஆம் ஆண்டு தீட்டிய 'காட்டுத் தீ'. தீயால் துரத்தப்பட்ட புலியும் மானும் காட்டெருதும் ஒரு செங்குத்தான பாறையின் விளிம்பில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும் காட்சி அது. மூன்று மீட்டர் உயரமும் ஏறத்தாழ நான்கு மீட்டர் அகலமும் கொண்ட பெரிய ஓவியம். 1829இல் நெதர்லாந்து சென்ற ராடன் சாலே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பாவிலேயே இருந்தார். ஆந்திரியாஸ் ஷெல்ஃப்ஹவுட்டிடம் இயற்கைக் காட்சி தீட்டவும், கொர்னேலிஸ் குரூஸ்மனிடம் மனித உருவம் தீட்டவும் பயின்றார். நாடு திரும்புவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் அவர் தீட்டிய இந்த ஓவியம் நெதர்லாந்து மன்னர் மூன்றாம் வில்லெமுக்கு அளிக்கப்பட்டது.

இரண்டாவது, சுவா மியா டீ 1959இல் தீட்டிய 'தேசிய மொழி வகுப்பு'. உயரம் 112 சென்டிமீட்டர், அகலம் 153 சென்டிமீட்டர். வட்ட மேசையைச் சுற்றி மாணவர்கள் அமர்ந்திருக்க, மலாய் ஆசிரியர் நின்றுகொண்டு பாடம் நடத்துகிறார். கரும்பலகையில் மலாய் மொழியில் இரண்டே கேள்விகள். 'சியாப்பா நாமா காமு?', 'டி மானா அவாக் திங்கால்?' அதாவது, உன் பெயர் என்ன, நீ எங்கே வசிக்கிறாய். சிங்கப்பூர் தன்னாட்சி பெற்ற ஆண்டு அது. சீனாவின் ஷான்டோவில் 1931இல் பிறந்து, சிறு வயதிலேயே குடும்பத்துடன் சிங்கப்பூருக்கு வந்தவர் சுவா. ஆங்கிலேய ஆட்சியின் கீழ் வாழ்ந்த மக்கள் தங்கள் நிலத்தின் மொழியைக் கற்க உட்கார்ந்திருப்பதைத்தான் அவர் வரைந்திருக்கிறார்.

இவ்விரண்டையும் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இரண்டும் கேன்வாஸில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டப்பட்டவை. இரண்டிலும் புலி புலியாகவும் மனிதர் மனிதராகவும் இருப்பதால், 'இது என்ன உருவம்' என்ற குழப்பம் தொடக்கநிலையாளருக்கு வராது. தீட்டிய ஊடகமும் பாணியும் இவ்வளவு நெருங்கியிருந்தும் மனத்தில் ஏற்படும் உணர்வு மட்டும் முற்றிலும் வேறாக இருக்கிறதென்றால், அந்த வேறுபாட்டை நிறமும் வெளிச்சமும் கையாளும் முறையும்தான் உண்டாக்கியிருக்க வேண்டும். ஒப்பிடுவதற்கு இதைவிட வசதியான இணை எனக்குத் தெரிந்து இங்கே இல்லை.

புறப்படுவதற்கு முன்

நகர மண்டப எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் நடந்துபோகும் தூரம்தான். கலைக்கூடம் இரண்டு பழைய கட்டடங்களால் ஆனது. ஒன்று நகர மண்டபம், மற்றொன்று முன்னாள் உச்ச நீதிமன்றம். இரண்டையும் பாலங்கள் இணைக்கின்றன. 1959 ஜூன் 5ஆம் தேதி தன்னாட்சி பெற்ற சிங்கப்பூரின் முதல் அமைச்சரவை பதவியேற்றது அந்த நகர மண்டபத்தில்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தால், சுவாவின் ஓவியம் இன்னும் நெருக்கமாகத் தோன்றும். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பொதுக் காட்சிக்கூடங்களில் கட்டணம் இல்லை. ஓவியங்கள் அவ்வப்போது இடம் மாறும், சில காலம் காட்சியிலிருந்து எடுக்கப்படுவதும் உண்டு. ஆகவே புறப்படும் முன் இணையத்தளத்தில் பாருங்கள், அல்லது கீழே உள்ள முகப்பில் விசாரித்துவிட்டு மேலே செல்லுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை மூன்று. ஒரு சிறிய நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில், உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளை அட்டை. அட்டையின் நடுவில் மிளகு அளவில் ஒரு துளை போட்டுக்கொள்ளுங்கள். அதன் பயனைப் பிறகு சொல்கிறேன். பேனா வேண்டாம். ஓவியங்களுக்கு அருகில் மையைக் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது.

முதலில், நிற்கும் இடம்

நான் முதன்முதலாகக் 'காட்டுத் தீ'யைப் பார்த்தபோது நேராக அதன் அருகில் போய் நின்றுவிட்டேன். மேலிருந்து விழுந்த விளக்கொளி வார்னிஷில் பட்டுப் பளபளத்தது, கண்ணுக்கு இருட்டைத் தவிர எதுவும் தெரியவில்லை. 'கறுத்துப்போன பழைய படம்' என்று எண்ணி அடுத்த அறைக்குப் போய்விட்டேன். பல மாதங்கள் கழித்து மறுபடி வந்தபோதுதான், எதிர்ச் சுவர் வரை பின்வாங்கி நின்று பார்த்தேன். அப்போதுதான் அந்த இருட்டுக்குள்ளிருந்து விலங்குகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன.

எனவே பெரிய ஓவியத்திற்கு, அதன் அகலத்தைவிடச் சற்றுக் கூடுதலான தூரத்தில் முதலில் நில்லுங்கள். ராடன் சாலேயின் ஓவியத்திற்கு ஐந்து மீட்டர் என்றால், சுவாவின் ஓவியத்திற்கு இரண்டு மீட்டர் போதும். இந்த வேறுபாட்டையே முதல் குறிப்பாக எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று உங்களைப் பின்வாங்க வைக்கிறது, மற்றொன்று மேசையில் காலியான நாற்காலி ஒன்று இருந்தால் உட்காரலாம் போன்ற நெருக்கத்திற்கு அழைக்கிறது. அளவும் உணர்ச்சியைச் சொல்லும் கருவிதான். நம்மைவிட உயரமான தீயின் முன் நிற்பதும், ஏறத்தாழ நாம் கை விரித்த அளவே அகன்ற ஒரு வகுப்பறைக்குள் எட்டிப் பார்ப்பதும் உடலுக்கே வேறுவேறு அனுபவம்.

இந்தக் கட்டத்தில் ஓவியத்தின் அருகில் உள்ள விளக்க அட்டையைப் படிக்காதீர்கள். மூன்று நிமிடமாவது வெறுமனே பாருங்கள். மூன்று நிமிடம் எவ்வளவு நீளமானது என்பது அங்கே நின்றால்தான் தெரியும்.

அடுத்து, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது

நிறத்தைப் பற்றி எழுதுவதற்கு முன் வெளிச்சத்தைப் பற்றி எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கண்களைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். நுணுக்கங்கள் மறைந்து, வெளிச்சமான பகுதிகளும் இருண்ட பகுதிகளும் மட்டும் எஞ்சும். கைப்பேசியில் ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றியும் பார்க்கலாம். நோட்டில் ஒரு சிறு செவ்வகம் வரைந்து, வெளிச்சம் இருக்கும் இடத்தை வெறுமையாக விட்டு, மற்றதைப் பென்சிலால் நிரப்புங்கள். ஓவியத் திறமை எதுவும் இதற்குத் தேவையில்லை.

'காட்டுத் தீ'யின் வெளிச்சம் தீயிலிருந்து வருகிறது. அந்தத் தீ விலங்குகளுக்குப் பின்னால் இருக்கிறது. அவற்றைக் கொல்ல வருவது எதுவோ, அதுவே அவற்றை நமக்குக் காட்டுகிறது. நம் மரபில் விளக்கு மங்கலம். வீட்டில் அந்தி விளக்கை ஏற்றுகிறோம், தீபாவளிக்கு லிட்டில் இந்தியாவின் ஒளியலங்காரத்தைப் பார்க்கக் குடும்பத்தோடு போகிறோம். ஒளியைக் கண்டால் மனம் அதை நோக்கிப் போவதுதான் நமக்குப் பழக்கம். இந்த ஓவியத்தில் உயிர்கள் ஒளியைக் கண்டு ஓடுகின்றன, ஓடிச் சேரும் இடமோ பாதாளம். பார்ப்பவர் நெஞ்சில் ஏற்படும் தவிப்புக்கு இந்த ஒற்றை ஏற்பாடே பெரும் காரணம்.

வகுப்பறையில் வெளிச்சத்திற்கு அப்படி ஒரு நாடகம் கிடையாது. அது முகங்களிலும் வெளிர் நிற உடைகளிலும் சமமாகத் தங்குகிறது. யாரையும் இருட்டில் தள்ளவில்லை, யாரையும் மற்றவரைவிட மேலே தூக்கிக் காட்டவும் இல்லை. மிக இருண்ட பகுதி என்று தேடினால் கண் கரும்பலகைக்குப் போகும். அந்த இருட்டிலும் சுண்ணக்கட்டி எழுத்து இருக்கிறது, அதை நாம் வாசிக்கிறோம். ஒன்றில் இருட்டு மறைக்கிறது, மற்றொன்றில் இருட்டு எழுதும் இடமாக இருக்கிறது.

நிறங்களுக்குப் பெயர் சொல்லுதல்

இப்போது நிறங்களைப் பட்டியலிடுங்கள். 'சிவப்பு', 'மஞ்சள்' என்று பொதுப்பெயரை எழுத வேண்டாம். நம் சமையலறையிலும் துணிக்கடையிலும் வழங்கும் பெயர்களே நுட்பமானவை. அரக்கு, காவி, செங்கல், தேன் நிறம், வெல்லப்பாகு, சந்தனம், மாநிறம், பாக்கு நிறம், மயில் கழுத்து, சாம்பல் என்று எத்தனையோ இருக்கின்றன. என் அக்காள் மகள் 'காட்டுத் தீ'யின் முன் நின்று முதலில் 'ஆரஞ்சு' என்று எழுதினாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அதை அடித்து 'குங்குமப்பூ போட்ட பால்' என்று எழுதினாள், அதையும் அடித்து 'தணல்' என்று எழுதினாள். தணல் என்று எழுதியபோது அவள் தீயின் நுனியை விட்டுவிட்டு உள்பகுதியைப் பார்க்கத் தொடங்கியிருந்தாள். சொல்லைத் தேடுவதே பார்ப்பதற்கான வழியாகிவிடுகிறது.

பட்டியல் ஓரளவு நிறைந்ததும், இரண்டு ஓவியங்களிலும் பொதுவாக உள்ள ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். நான் எப்போதும் பழுப்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். இரண்டிலும் அது தாராளமாக இருக்கிறது. முதலாவதில் புகையிலும் மண்ணிலும் விலங்குகளின் தோலிலும், இரண்டாவதில் மரச்சாமான்களிலும் மனிதர்களின் தோலிலும் அதைக் காணலாம். இப்போதுதான் துளையிட்ட அட்டை பயன்படும். ஓவியத்திலிருந்து விலகி நின்றபடியே, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அட்டையை மறுகண்ணுக்கு முன்னால் ஒரு சாண் தள்ளிப் பிடித்து, துளை வழியாக அந்தப் பழுப்பை மட்டும் பாருங்கள். சுற்றியிருப்பது வெள்ளை அட்டை என்பதால் நிறம் தனியே தெரியும். தனியே தெரியும் அந்தப் பழுப்பில் அச்சமும் இராது, அமைதியும் இராது. அது வெறும் பழுப்பு.

பிறகு அட்டையைக் கீழே இறக்குங்கள். தணலுக்குப் பக்கத்தில் வந்தவுடன் அதே பழுப்பு கருகியதாக, புகை பிடித்ததாக, இன்னும் சற்று நேரத்தில் எரியப்போவதாகத் தோன்றும். வகுப்பறையில் வெளிர் சட்டைகளுக்கும் முகங்களுக்கும் நடுவே வந்தவுடன் அது பழகிய மரமாக, கை ஊன்றி எழுதும் இடமாக மாறிவிடும். ஒரு நிறம் தன் அண்டை நிறத்தைப் பொறுத்தே குணம் கொள்கிறது. என் அக்காள் மகள் அட்டையை மேலும் கீழுமாக ஏழெட்டு முறை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, தன் குறிப்பேட்டில் இருந்த அந்தப் பழைய பட்டியலின் மேல் தானாகவே ஒரு கோடு போட்டாள். சிவப்பு என்றால் கோபம் என்று யார் எழுதிக்கொடுத்தாலும் நம்பாதீர்கள். எந்தச் சிவப்பு, எதன் பக்கத்தில், எவ்வளவு பரப்பில் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை இல்லாமல் நிறத்தின் உணர்ச்சியைச் சொல்ல முடியாது.

கையின் வேலை

இனி அருகில் செல்லலாம். தரையில் கோடு போட்டிருந்தால் அதற்கு வெளியே நில்லுங்கள், விரலை நீட்டிச் சுட்டிக்காட்டாதீர்கள்.

தொழில்நுட்பம் என்ற சொல்லைக் கேட்டுப் பலர் மிரள்வார்கள். தொடக்கத்தில் மூன்றைக் கவனித்தால் போதும். ஓர் உருவத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா, கரைந்திருக்கிறதா? தூரிகை போன தடம் தெரிகிறதா, மறைக்கப்பட்டிருக்கிறதா? கோடுகள் எந்தத் திசையில் சாய்கின்றன?

எண்ணெய் வண்ணம் மெதுவாக உலரும். அதனால் ஈரம் காயும் முன் ஒரு நிறத்தை மற்றொன்றுக்குள் இழைத்துக் கரைக்க முடியும், உலர்ந்த படலத்தின் மேல் மெல்லிய இன்னொரு படலத்தை ஏற்றவும் முடியும். ராடன் சாலே இந்த வசதியைப் புகைக்குப் பயன்படுத்தியிருக்கிறார். புகை எங்கே முடிகிறது, காடு எங்கே தொடங்குகிறது என்று விளிம்பைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. ஆனால் விலங்குகளின் கண், வாய், நகம், உரோமம் ஆகியவற்றுக்கு வரும்போது அவர் கை நுணுக்கமாகிவிடுகிறது. எல்லையற்ற புகைக்கு நடுவே கூர்மையான ஒரு கண். அச்சத்தை அனுபவித்தவர்களுக்கு இது புரியும். அந்த நேரத்தில் சுற்றுப்புறம் மங்கி, ஏதோ ஓர் அற்ப விவரம் மட்டும் துல்லியமாகத் தெரியும். கோடுகளைப் பொறுத்தவரை, பாறை, உடல்கள், நெருப்பு எல்லாமே சாய்ந்தும் வளைந்தும் விளிம்பை நோக்கியே போகின்றன. கண்ணை நிறுத்தி இளைப்பாற ஒரு சமமான தரை அங்கே இல்லை.

சுவாவின் ஓவியத்தில் கண் வட்டமாகச் சுற்றுகிறது. மேசை வட்டம், அதைச் சுற்றி மனிதர்கள், ஒரு முகத்திலிருந்து அடுத்த முகத்திற்கு, அங்கிருந்து ஆசிரியருக்கு, பலகைக்கு, மறுபடி மேசைக்கு. வட்ட மேசைக்குத் தலைமாடு கிடையாது. உருவங்களின் விளிம்புகள் தெளிவாக இருக்கின்றன, ஒருவர் இன்னொருவருக்குள் கரைந்துபோவதில்லை. ஒரே முகத்தை எல்லார்க்கும் ஒட்டாமல் ஒவ்வொருவருக்கும் தனி முகம் கொடுத்திருக்கிறார். துறைமுகத்தில் வேலை பார்த்த என் தந்தை, பேச்சு மலாயை நன்றாகப் பேசுவார், எழுதத் தெரியாது. அறுபதுகளில் மாலை வகுப்புக்குப் போய் எழுதக் கற்றதாகச் சொல்வார். அந்தப் பலகையில் இருக்கும் இரண்டு கேள்விகளைப் படிக்கும்போதெல்லாம், அவருடைய பெரிய விரல்கள் பென்சிலைப் பிடித்திருந்த விதம் எனக்கு நினைவுக்கு வருகிறது. உன் பெயர் என்ன, நீ எங்கே வசிக்கிறாய் என்பவை முதல் பாடத்தின் எளிய கேள்விகள்தாம். தன்னாட்சி பெற்ற ஆண்டில் ஒரு கூட்டத்தைப் பார்த்து அவற்றைக் கேட்டால், விடை அவ்வளவு எளிதாக இருந்திருக்காது.

உணர்ச்சிக்குப் பெயரிடுதல்

இதுவரை எழுதிய குறிப்புகளில் 'சோகம்', 'மகிழ்ச்சி' போன்ற ஒரு சொல்கூட இருக்கக் கூடாது. உணர்ச்சியின் பெயர் கடைசியில்தான் வர வேண்டும். முதலிலேயே பெயரிட்டுவிட்டால் கண் அதன் பிறகு வேலை செய்யாது, அந்தப் பெயருக்குச் சாட்சி தேடிக்கொண்டிருக்கும்.

பெயரிடுவதற்கு நமக்கு அருமையான ஒரு கருவி இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. நகை, அழுகை, இளிவரல் (இழிவு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (சினம்), உவகை (மகிழ்ச்சி). செய்யுளுக்காகச் சொல்லப்பட்டவைதான். ஆயினும் மனத்தில் தோன்றுவது உடலில் எப்படி வெளிப்படுகிறது என்பதே மெய்ப்பாடு என்பதால், உடல்களை வரைந்த ஓவியத்திற்கும் அது நன்றாகப் பொருந்துகிறது. ஒவ்வொரு மெய்ப்பாடும் எவற்றிலிருந்து பிறக்கும் என்று நான்கு நான்கு காரணங்களையும் அந்நூல் தருகிறது. அதுதான் நமக்கு மிகவும் உதவும் பகுதி.

அச்சம் பிறக்கும் நான்கு இடங்கள் அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், இறை (அரசன்). 'காட்டுத் தீ'யை இதனோடு வைத்துப் பார்த்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. மனிதருக்கு அச்சம் தருவதாக எண்ணப்பட்ட விலங்கே இங்கே அஞ்சுகிறது. புலிக்குப் பக்கத்தில் மான் நிற்கிறது, புலி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. நிறமும் புகையும் சாய்கோடுகளும் சேர்ந்து இந்தத் தலைகீழ் மாற்றத்தைத்தான் சொல்கின்றன.

பெருமிதத்தின் நான்கு காரணங்கள் கல்வி, தறுகண் (அஞ்சாமை), இசைமை (புகழ்), கொடை. முதலாவதாக நிற்பது கல்வி. சுவாவின் ஓவியத்தைப் பார்ப்பவர்கள் பலர் 'அமைதி' என்றோ 'நம்பிக்கை' என்றோ எழுதுகிறார்கள். இரண்டும் தவறில்லை. எனக்கென்னவோ பெருமிதம் என்ற சொல்லே அந்தச் சமமான வெளிச்சத்திற்கும் நிமிர்ந்த உடல்களுக்கும் சரியாகப் பொருந்துவதாகத் தோன்றுகிறது. சிலர் மருட்கை என்று வாதிடலாம். புதுமையிலிருந்து மருட்கை பிறக்கும் என்றும் அதே இயல் சொல்கிறது, புதிய மொழி புதுமைதானே. நீங்கள் வேறு பெயர் சொல்லலாம். சொன்னால், அதற்கு ஓவியத்தில் எந்த நிறம், எந்த விளிம்பு, எந்த வெளிச்சம் ஆதாரம் என்று சுட்டிக்காட்ட வேண்டும்.

எழுதும்போது

வீட்டுக்கு வந்து அன்றைக்கே எழுதிவிடுங்கள், மறுநாள் நிறங்கள் நினைவில் மாறிவிடும். ஒரு ஓவியத்தை முழுதும் எழுதி முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் அது ஒப்பீடாகாது, இரண்டு தனிக் கட்டுரைகளாகிவிடும். ஒவ்வொரு பத்தியிலும் இரண்டும் வர வேண்டும். வெளிச்சத்திற்கு ஒரு பத்தி, பழுப்புக்கு ஒரு பத்தி, விளிம்புக்கு ஒரு பத்தி என்று அமைத்தால் போதும். என் அக்காள் மகள் எழுதிய ஒரு வாக்கியத்தை அவள் அனுமதியோடு இங்கே தருகிறேன்: "ராடன் சாலேயின் பழுப்புக்குப் பக்கத்தில் தணல் இருப்பதால் அது எரியக் காத்திருக்கிறது, சுவா மியா டீயின் பழுப்பின் மேல் ஒருவர் கை வைத்திருப்பதால் அது எழுதக் காத்திருக்கிறது." ஆண்டு, அளவு, ஓவியரின் பெயர் ஆகியவற்றை விளக்க அட்டையைப் பார்த்துச் சரிபார்த்து, தேவையான இடத்தில் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பயிற்சிக்கு எங்கும் போக வேண்டாம். ஓர் ஐம்பது வெள்ளி சிங்கப்பூர் நோட்டைத் திருப்பிப் பாருங்கள். ஓவியர் சியோங் சூ பியெங்கின் கருவாடு உலர்த்தும் காட்சியும், ஓவியர் சென் வென் சியின் கொடிகளுக்கிடையே இரு கிப்பன் குரங்குகளும், நம் வீணை உள்ளிட்ட இசைக்கருவிகளோடு அதில் அச்சிடப்பட்டிருக்கின்றன. நீலம் மேலோங்கிய நோட்டு என்பதால் நிறத்தை ஒதுக்கிவிட்டு, கோடுகளையும் வெற்றிடத்தையும் மட்டும் ஒரு பக்க அளவில் ஒப்பிட்டு எழுதுங்கள். பிறகு மூல ஓவியங்களைக் காணும் வாய்ப்புக் கிடைக்கும் நாளில், அந்தத் தாளையும் துளையிட்ட அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.